உத்தரவு கேட்டுத்தான் அவனால வர முடியும்

ஆவிக்குரிய யுத்தம்னு, அதாவது பிசாசுக்கு எதிரா விசுவாசிங்க நடத்துற போராட்டம்னு பேச்சு எடுத்தாலே நம்மள்ல பாதிப் பேர் சாத்தானப் பத்திதான் பேசுறோம். அவன் எப்படி வருவான், எந்த வழியா வருவான், எந்த நேரத்துல வருவான்னு ஒரு மணி நேரம் பேசிட்டு, கடைசில அஞ்சு நிமிஷம் "ஆனாலும் கர்த்தர் பெரியவர்"னு சொல்லி ஜெபம் பண்ணி முடிச்சிடுறோம். கேட்டுட்டு வீட்டுக்குப் போறவங்க மனசுல எது தங்கும்? அந்த ஒரு மணி நேரம்தான் தங்கும். ராத்திரி லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் அந்த அஞ்சு நிமிஷம் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது.

பிசாசு இல்லைன்னு சொல்ல நான் வரல. இருக்கான், வேதம் தெளிவா சொல்லுது, இயேசுவே அவனோட நேருக்கு நேரா பேசியிருக்கார். நான் சொல்ல வர்றது வேற. நம்மள்ல நிறைய பேர் நமக்கே தெரியாம ரெண்டு ராஜா சண்டை போடுற மாதிரி ஒரு படத்த மனசுல வச்சிருக்கோம், ஒரு பக்கம் தேவன், இன்னொரு பக்கம் சாத்தான், ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பலம், நாம நடுவுல மாட்டிக்கிட்டு நிக்கிறோம், நாம ஜெபிக்கிற அளவப் பொறுத்து யார் ஜெயிப்பாங்கன்னு முடிவாகும்னு. இது வேதத்துல இல்லவே இல்ல. அவனும் படைக்கப்பட்டவன்தான். படைச்சவருக்கு சமமா ஒரு எதிராளி எப்பவும் இருந்தது கிடையாது, இனியும் இருக்கப் போறதில்ல.

எங்க ஜெபக்குழுவுல ஒரு அக்கா இருக்காங்க. ஒரே வருஷத்துல அவங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, பையனுக்கு உடம்பு சரியில்லாம போச்சு, அக்காவுக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல, தூங்கினாலும் கெட்ட கனவு. யாரோ ஒருத்தர் வந்து ஜெபிச்சுட்டு "உங்க வீட்ல எங்கயோ ஒரு கதவு திறந்திருக்கு, அதக் கண்டுபிடிச்சு அடைக்கிற வரைக்கும் இது நிக்காது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. கதவுன்னா பிசாசு உள்ள வர இடம் குடுக்கிற ஏதோ ஒரு பாவம், இல்லன்னா ஒரு பொருள். அக்கா அத அப்படியே நம்பி ஒரு நோட்டு போட்டாங்க. நான் அந்த நோட்டப் பாத்தேன். கோடு போட்ட சாதாரண நோட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவுல கோடு கிழிச்சு ரெண்டா பிரிச்சிருந்தாங்க, இந்தப் பக்கம் அவங்க குடும்பம், அந்தப் பக்கம் வீட்டுக்காரர் குடும்பம், தாத்தா பாட்டி வரைக்கும் பேர் எழுதி ஒவ்வொரு பேருக்கு நேரா அவங்க செஞ்ச பாவம்னு அக்காவுக்குத் தெரிஞ்சது. தெரியாத இடத்துல கேள்விக்குறி. சில கேள்விக்குறி மேல பேனாவத் திரும்பத் திரும்ப ஓட்டி அந்த இடத்துல காகிதமே கிழிஞ்சிருந்தது. பின்னாடி பக்கங்கள்ல வீட்ல இருக்கிற பொருள், யாரோ குடுத்த கிப்ட், எங்கயோ வாங்கின படம்னு எல்லாம் லிஸ்ட் போட்டு, தூக்கிப் போட்டதுக்கு நேரா டிக் அடிச்சிருந்தாங்க.

"இன்னும் எதையாவது விட்டுட்டேனோன்னு பயமா இருக்கும்மா"ன்னு அக்கா சொன்னாங்க. நான் நோட்ட முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் புரட்டினேன். அதுல எல்லார் பேரும் இருந்தது, கர்த்தருடைய பேர் மட்டும் எங்கயும் இல்ல.

இதச் சொல்லி அக்காவக் குறை சொல்றேன்னு யாரும் நினைச்சுடாதீங்க. பாவத்த அறிக்கை பண்ணணும், அதுல மாற்றுக் கருத்தே இல்ல, "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்"னு எபேசியர் 4லயே இருக்கு. ஆனா அறிக்கை பண்றதுன்னா நமக்குத் தெரிஞ்ச பாவத்தக் கர்த்தர்கிட்ட சொல்லி மன்னிப்ப வாங்கிக்கிறது, 1 யோவான் 1:9 அதத்தான் சொல்லுது, மன்னிக்கிறதுக்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவர்னு. மூணு தலைமுறைக்கு முன்னாடி யார் என்ன செஞ்சாங்கன்னு துப்பறிஞ்சு, ஒண்ணு விட்டுப் போச்சுன்னாகூட நம்ம பாதுகாப்பு போயிடும்னு நடுங்குறது அறிக்கை இல்ல. அப்போ நம்மளப் பாதுகாக்கிறது இயேசுவோட இரத்தமா, நம்ம ஞாபகசக்தியா?

அன்னைக்கு அக்காவும் நானும், எல்லாத்தையும் இழந்த நீதிமான் யோபுவப் பத்தின யோபு புஸ்தகத்துல முதல் ரெண்டு அதிகாரத்த சத்தமா வாசிச்சோம். எத்தனையோ தடவ வாசிச்சதுதான், ஆனா பயந்துபோன ஒருத்தர் பக்கத்துல உக்காந்து வாசிக்கும்போது வேற மாதிரி கேக்குது. சாத்தான் கர்த்தர் முன்னால வந்து சொல்ற கம்ப்ளெய்ன்ட் என்னன்னு பாருங்க, "நீர் அவனையும் அவன் வீட்டையும் அவனுக்கு உண்டான எல்லாவற்றையும் சுற்றி வேலியடைக்கவில்லையோ?" யோபுக்கு அந்த வேலி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. சாத்தானுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. அவன் அதச் சுத்திச் சுத்தி வந்து பாத்திருக்கான், ஆடு மாடு பக்கம் ஒரு ஓட்டை இருக்கா, பிள்ளைங்க பக்கம் ஒரு ஓட்டை இருக்கான்னு தேடியிருக்கான், எங்கயும் கிடைக்கல, அதனாலதான் வேற வழியில்லாம வேலி போட்டவர்கிட்டயே வந்து நிக்கிறான்.

அதுக்கு அப்புறம் கர்த்தர் சொல்றதையும் கவனிங்க. முதல் தடவ, அவனுக்கு உண்டானதெல்லாம் உன் கையில இருக்கு, அவன்மேல மட்டும் கை வைக்காதேன்னு சொல்றார். ரெண்டாவது தடவ, அவன் உன் கையில இருக்கான், ஆனா அவன் பிராணன மட்டும் தப்பவிடுன்னு சொல்றார். ரெண்டு தடவையும் எல்லைய வரையறது கர்த்தர், ரெண்டு தடவையும் சாத்தான் அந்த எல்லைய மீறல. மீறணும்னு அவனுக்கு ஆசை இருந்திருக்காதா? மீற முடியல, அவ்வளவுதான்.

இன்னொண்ணும் இருக்கு, இத நான் லேசா சொல்லிட்டுப் போக முடியாது. யோபு பேர முதல்ல எடுத்தது சாத்தான் இல்ல. "என் தாசனாகிய யோபின்மேல் கவனம் வைத்தாயோ"ன்னு பேச்ச ஆரம்பிச்சதே கர்த்தர்தான். இது நம்மள ஆறுதல்படுத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் கலங்க வைக்கும். அக்காவும் அங்கதான் நிறுத்தினாங்க. "அப்போ கர்த்தரே என்ன விட்டுக் குடுத்துட்டாராம்மா?"

கேக்க வேண்டிய கேள்விதான் இது. இதக் கேக்காம "எல்லாம் நன்மைக்கே"ன்னு சொல்லிட்டுப் போறவங்க மேல எனக்கு நம்பிக்கை வர்றதில்ல. யோபுவே அந்த புஸ்தகம் முழுக்க இதத்தான் கேக்கிறார். பாருங்க, அந்த புஸ்தகத்துல 42 அதிகாரம் இருக்கு, ரெண்டாவது அதிகாரத்துக்கு அப்புறம் சாத்தான் அந்தக் கதையிலேயே இல்ல. யோபு ஒரு தடவகூட அவன்கிட்ட பேசல, அவனக் கட்டவும் இல்ல துரத்தவும் இல்ல. சபேயர் வந்து மாட்ட ஓட்டிட்டுப் போனாங்க, கல்தேயர் வந்து ஒட்டகத்த ஓட்டிட்டுப் போனாங்க, வானத்துலயிருந்து அக்கினி விழுந்துச்சு, பெருங்காத்து வந்து வீடு பிள்ளைங்க மேல இடிஞ்சு விழுந்துச்சு. அவர் சபேயர் எடுத்தார்னு சொல்லல, சாத்தான் எடுத்தான்னும் சொல்லல. "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்"னு சொன்னார். அழுதார், தன் பிறந்த நாளச் சபிச்சார், ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், ஆனா எல்லாத்தையும் கர்த்தர்கிட்டயே கேட்டார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூணு பேரும் வந்து உன் வாழ்க்கையில எங்கயோ ஒரு பாவம் ஒளிஞ்சிருக்கு, அதக் கண்டுபிடின்னுதான் சொன்னாங்க, அக்காகிட்ட வந்து சொன்ன மாதிரியே. கடைசில கர்த்தர் யார்மேல கோவப்பட்டார்? அந்த மூணு பேர் மேலதான். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்க என்னைக்குறித்து நிதானமா பேசலைன்னு 42வது அதிகாரத்துல எலிப்பாஸ்கிட்ட முகத்துக்கு நேரா சொன்னார்.

அக்கா கேட்டதுக்கு என்கிட்ட இருந்த பதில் லூக்கா 22. இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த ராத்திரி, பந்தியில உக்காந்திருக்காங்க, அப்போ சீமோன்னு இன்னொரு பேர் உள்ள சீஷன் பேதுருவப் பாத்து இயேசு சொல்றார், "சீமோனே, சீமோனே, இதோ, கோதுமையைச் சுளகினால் புடைக்கிறதுபோல சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான். நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." நான் பேதுருவா இருந்தா அடுத்த வார்த்தையா "நான் முடியாதுன்னு சொல்லிட்டேன், கவலப்படாதே"ன்னு எதிர்பார்த்திருப்பேன். இயேசு அதச் சொல்லல. உத்தரவு கேட்டான்னு சொல்றார், புடைக்கப் போறான்னும் தெரியுது, ஆனா அதுக்கும் முன்னாடியே நான் உனக்காக ஜெபிச்சிட்டேன்னு சொல்றார். "நீ குணப்பட்டபின்பு உன் சகோதரரை ஸ்திரப்படுத்து"ன்னும் சேத்து சொல்றார். குணப்பட்டா பாக்கலாம்னு சொல்லல, குணப்பட்டபின்பு. விழறதுக்கு முன்னாடியே, எழுந்ததுக்கு அப்புறம் செய்ய வேண்டிய வேலைய குடுத்துட்டார்.

பேதுரு விழுந்தார். விழலைன்னு யாரும் சொல்ல முடியாது. ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்கே பயந்து அவர எனக்குத் தெரியாதுன்னு சொன்னார், மூணு தடவ சொன்னார். அப்போ சேவல் கூவின அந்த நிமிஷம் கர்த்தர் திரும்பி பேதுருவ நோக்கிப் பாத்தார்னு லூக்கா மட்டும்தான் எழுதியிருக்கார். பேதுரு வெளிய போய் மனங்கசந்து அழுதார். தைரியம் ஒழிஞ்சுபோச்சு, வாக்கு குடுத்தது ஒழிஞ்சுபோச்சு, நல்ல பேர் ஒழிஞ்சுபோச்சு. விசுவாசம் ஒழியல. ஏன்னா இயேசு எதுக்காக ஜெபிச்சாரோ அது நிக்கும். புடைச்சா பதர்தான் பறக்கும், கோதுமை சுளகுலயே இருக்கும், அத சாத்தான் எதிர்பார்க்கல.

நான் பாதுகாப்புன்னு சொல்றது இதத்தான். எதுவுமே நம்மளத் தொடாதுங்கறது இல்ல. அவர் கைய தாண்டி எதுவும் வந்து தொடாது, தொட்டதும் அவர் போட்ட எல்லைய மிஞ்சாது, அந்த எல்லைக்குள்ள நடக்கிற நேரமெல்லாம் நமக்காக ஒருத்தர் வேண்டிக்கிட்டே இருக்கார். எபிரெயர் 7:25ல, நமக்காக வேண்டுதல் செய்றதுக்கு அவர் எப்பவும் உயிரோட இருக்கார்னு எழுதியிருக்கு. நம்ம ஜெபம் ஓய்ஞ்சு போற நேரத்துலகூட அவர் ஜெபம் ஓயாது. நாம தூங்கிட்டாலும் ஓயாது.

தூக்கம்னதும் அப்போஸ்தலர் 12 ஞாபகம் வருது. ஏரோது பேதுருவப் பிடிச்சு காவல்ல வச்சிருக்கான், நாலு நாலு பேரா நாலு குழு, மொத்தம் 16 சேவகர் காவல். பஸ்கா முடிஞ்சதும் ஜனங்க முன்னாடி கொண்டு வந்து நிறுத்தணும்னு பிளான். அப்படிக் கொண்டு வர வச்சிருந்த நாளுக்கு முந்தின ராத்திரி பேதுரு என்ன பண்றார்? ரெண்டு சங்கிலியால கட்டப்பட்டு ரெண்டு சேவகருக்கு நடுவுல தூங்குறார். தேவதூதன் வந்து, ஜெயில் முழுக்க வெளிச்சம் வந்தும் எழுந்துக்கல, விலாவுல தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு பயந்த அதே ஆளு இது. புடைக்கப்பட்டதுக்கு அப்புறம் கிடைச்ச தூக்கம்.

ஆனா அதே அதிகாரத்துல ரெண்டாவது வசனத்த நாம வேகமாத் தாண்டிப் போயிடுறோம். பேதுரு விடுதலையாகறதுக்கு முன்னாடி ஏரோது யாக்கோபப் பட்டயத்தால கொலை செஞ்சுட்டான். யோவானோட சகோதரன், மறுரூப மலையில இயேசு கூட இருந்த மூணு பேர்ல ஒருத்தர். சபை யாக்கோபுக்காக ஜெபிக்காம விட்டுட்டாங்களா? அப்படி ஒரு வார்த்தை அங்க இல்ல. பேதுருவ விட யாக்கோபுக்கு விசுவாசம் குறைவா? அதுவும் இல்ல. ஒரே அதிகாரம், ஒரே ராஜா, ஒரே சபை, ஒருத்தர் பட்டயத்துக்கு, ஒருத்தர் தேவதூதன் கூட வீதிக்கு. ரெண்டு பேரும் கர்த்தர் கையிலதான் இருந்தாங்க.

எங்க அப்பாவுக்காக நாங்க குடும்பமா உபவாசம் இருந்து ஜெபிச்சோம், சபையும் சேந்து ஜெபிச்சாங்க, அப்பா போயிட்டாங்க. அடக்கம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல ஒருத்தர் வந்து "சாத்தான் ஜெயிச்சுட்டான், நீங்க இன்னும் போராடியிருக்கணும்"னு சொன்னாங்க. அம்மா அந்த நேரத்துல ஒண்ணும் பேசல. அவங்க போனதுக்கு அப்புறம் அப்பாவோட கண்ணாடிய அதோட டப்பாவுல வச்சு மூடிக்கிட்டே "உங்கப்பாவ எடுத்துக்க சாத்தானுக்கு ஏது அதிகாரம், கர்த்தர் கூப்பிட்டார், போயிட்டார்"னு சொன்னாங்க. ஆவிக்குரிய யுத்தத்தப் பத்தி நான் எத்தனையோ மெசேஜ் கேட்டிருக்கேன், அம்மா சொன்ன அந்த ஒரு வரி அளவுக்கு எதுவும் என்ன நிக்க வச்சதில்ல. வெளிப்படுத்தின விசேஷம் 1:18ல மரணத்துக்கும் பாதாளத்துக்கும் உரிய திறவுகோல் இயேசு கையில இருக்கு. சாவி அவர் கையில இருக்கும்போது அவருக்குத் தெரியாம யாரும் அந்தக் கதவ திறக்கவும் முடியாது, அப்பாவ தள்ளவும் முடியாது.

சங்கீதம் 91 நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். அத ஒரு மந்திரம் மாதிரி சொல்றவங்களும் இருக்காங்க, சொல்லிட்டா ஒண்ணும் வராதுன்னு. பிசாசு இயேசுவ தேவாலயத்து உப்பரிகையில நிறுத்தி குதிக்கச் சொன்னப்போ அவன் எடுத்துச் சொன்னதும் இந்த சங்கீதத்தத்தான், 11, 12 வசனம். அதோட நிறுத்திக்கிட்டான். 13வது வசனத்துல சிங்கத்தையும் சர்ப்பத்தையும் மிதிச்சுப்போடுவாய்னு வருது, அத எப்படி அவன் சொல்லுவான்? அவன் விட்டுட்ட இன்னொரு வசனமும் இருக்கு, 15வது, "ஆபத்தில் நானே அவனோடிருந்து"ன்னு. ஆபத்தே வராதுன்னு அந்த சங்கீதம் நினைக்கலைங்க. ஆபத்துல கூட இருப்பேன்னு சொல்லுது, தப்புவிப்பேன்னு சொல்லுது. அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு நாள் ஆகும்னு சொல்லல.

அப்போஸ்தலன் பவுலப் பாத்தா இன்னும் தெளிவா இருக்கும். 2 கொரிந்தியர் 12ல அவருக்கு மாம்சத்துல ஒரு முள், அது சாத்தானுடைய தூதன்னு அவரே சொல்றார். அது எதுக்காகக் குடுக்கப்பட்டதுன்னும் சொல்றார், தனக்குக் கிடைச்ச வெளிப்பாடுகளால தான் பெருமைப்படாம இருக்கறதுக்கு. கொஞ்சம் யோசிங்க, பவுல் தாழ்மையா இருக்கணும்னு சாத்தான் ஆசைப்படுவானா? அவனுக்கு அதுல என்ன லாபம்? அவன் குத்துனது அழிக்க. கர்த்தர் அதே முள்ள பவுல் விழாம இருக்க வச்சிருந்தார். மூணு தடவ எடுத்துடுங்கன்னு கேட்டார், எடுக்கல, "என் கிருபை உனக்குப்போதும்"னு பதில் வந்தது. முள்ளும் இருந்தது கிருபையும் இருந்தது, ஊழியமும் நடந்தது.

இன்னொரு இடம், இத அதிகமா யாரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்ல. தெசலோனிக்கேயாவுல புதுசா விசுவாசிச்சவங்களப் பாக்கப் போகணும்னு பவுலுக்கு ரொம்ப ஆசை, ஒண்ணு ரெண்டு தடவ கிளம்பப் பாத்திருக்கார், "சாத்தானோ எங்களைத் தடைபண்ணினான்"னு 1 தெசலோனிக்கேயர் 2:18ல எழுதுறார். தடை நிஜமான தடைதான், அவரால போக முடியல. போக முடியாததால தீமோத்தேயுவ அனுப்பினார், தீமோத்தேயு நல்ல செய்தியோட திரும்பி வந்ததும் ஒரு கடிதம் எழுதினார். சுமார் கி.பி. 50ல எழுதின கடிதம் அது, புதிய ஏற்பாட்டுல ரொம்ப முந்தி எழுதப்பட்ட புஸ்தகங்கள்ல ஒண்ணு. பவுல் நேர்ல போய் பேசியிருந்தா அந்த ஊர்ல இருந்த கொஞ்சப் பேர் கேட்டிருப்பாங்க. தடை பண்ணதால கர்த்தர் வரும்போது மரிச்சவங்க முதல்ல எழுந்திருப்பாங்கன்னு அதுல எழுதினத 1900 வருஷத்துக்கு மேல ஆகியும் உலகம் முழுக்க கல்லறைத் தோட்டத்துல நின்னு வாசிச்சு அழுகைய துடைச்சுக்கிறோம். எங்க அப்பா அடக்கத்துலயும் அதத்தான் வாசிச்சாங்க. சாத்தான் பண்ண தடையில நாம ஆறுதல் அடைஞ்சுக்கிட்டு இருக்கோம்!

அதே பவுல் அப்போஸ்தலர் 16ல ஆசியாவுக்குப் போகப் பாக்கிறார், அங்க தடுத்தது பரிசுத்த ஆவியானவர். ஒரு தடவ வழிய அடைச்சது ஆவியானவர், இன்னொரு தடவ சாத்தான். நம்மளுக்கு ஒரு வழி அடைபட்டா இது தேவனா பிசாசான்னு கண்டுபிடிக்கிறதுலயே பாதி பலம் போயிடுது. ரெண்டு வழியும் அடைபட்டப்போ பவுல் செஞ்சது ஒண்ணுதான், திறந்திருக்கிற பக்கம் நடந்தார்.

இதுக்கெல்லாம் அடியில இருக்கிறது சிலுவை. லூக்கா 22லயே ஆரம்பத்துல சாத்தான் யூதாசுக்குள்ள புகுந்தான்னு இருக்கு, அதே அதிகாரத்துல தன்னப் பிடிக்க வந்தவங்களப் பாத்து இயேசு "இதுவோ உங்களுடைய வேளையும் அந்தகாரத்தின் அதிகாரமுமாயிருக்கிறது"ன்னு சொல்றார். இருளோட முழு பலமும் இறங்கின நேரம் அது, அதுக்கு மேல சாத்தானால ஒண்ணும் செய்ய முடியாது, தேவகுமாரனையே கொன்னாச்சு. ஆனா அப்போஸ்தலர் 4ல சபை கூடி ஜெபிக்கும்போது என்ன சொல்றாங்க? ஏரோதும் பிலாத்துவும் ஜனங்களும் கூடினது உம்முடைய கரமும் உம்முடைய ஆலோசனையும் முன்குறிச்சத செய்யறதுக்குத்தான்னு. கொலோசெயர் 2:15 சொல்லுது, துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் அவர் உரிஞ்சுபோட்டு வெளியரங்கமா கோலமாக்கி சிலுவையில வெற்றி சிறந்தார்னு. சாத்தான் முழு பலத்தோட அடிச்ச அடியிலதான் அவன் தோத்தான். அந்த வெள்ளிக்கிழமை தேவன் கைய விட்டு எதுவும் போகலைன்னா, என் வீட்டுல நடக்கிறது எது அவர் கைய விட்டுப் போகப் போகுது?

அப்போ நாம சும்மா இருந்தா போதுமான்னு சிலர் கேக்கலாம். இல்ல. நெகேமியா எருசலேமோட அலங்கம், அதாவது மதில் கட்டும்போது எதிரிங்க சதி பண்றாங்கன்னு தெரிஞ்சதும் என்ன செஞ்சார்னா, தேவன நோக்கி ஜெபம் பண்ணார், ராத்திரி பகலா காவலும் வச்சார். ரெண்டும் ஒரே வசனத்துல இருக்கு, 4:9. கர்த்தர் ஆளுறார்ங்கறதால காவல எடுத்துடல, காவல் இருக்குங்கறதால ஜெபத்தையும் விடல. தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள், உங்கள் எதிராளி கெர்ச்சிக்கிற சிங்கம்போல சுத்தித் திரியுறான்னு எழுதினது யாரு? சங்கிலியில நிம்மதியா தூங்கின அதே பேதுருதான். விழிச்சிருக்கிறது வேற, பயந்துபோய் தூக்கம் கெட்டு உக்காந்திருக்கிறது வேற. அவர் அங்கயும் அடுத்து உடனே சொல்றது, கொஞ்சக்காலம் பாடனுபவிக்கிற உங்களத் தேவன்தாமே சீர்ப்படுத்தி ஸ்திரப்படுத்துவார்னு. அன்னைக்கு ராத்திரி பந்தியில இயேசு குடுத்த வேலைய வயசான காலத்துல செஞ்சுக்கிட்டிருக்கார்.

சர்வாயுதவர்க்கத்தப் பத்தி, அதாவது பிசாச எதிர்த்து நிக்க தேவன் குடுக்கிற ஆயுதங்களப் பத்தி எழுதும்போது பவுல் எங்க இருந்தார்ங்கறதையும் பாருங்க. சங்கிலியில. எபேசியர் 6ல தலைச்சீரா, மார்க்கவசம், கேடகம், பட்டயம் எல்லாம் சொல்லிட்டு கடைசில எனக்காகவும் ஜெபம் பண்ணுங்கன்னு கேக்கிறார். எதுக்காக? இந்தச் சங்கிலி அறுந்து விழணும்னு கேக்கல. சுவிசேஷத்த தைரியமா சொல்றதுக்கு எனக்கு வாக்கு குடுக்கப்படணும்னு கேக்கிறார். தன்னக் கட்டி வச்சிருக்கிறது ரோம ராஜாங்கம்னோ பிசாசுன்னோ அவர் நினைச்சிருந்தா முதல்ல சங்கிலியப் பத்திதான் கேட்டிருப்பார். 3ஆம் அதிகாரத்துல தன்ன கிறிஸ்து இயேசுவினிமித்தம் கட்டுண்டவன்னு சொல்லிக்கிறார்.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். தூக்கம் வராததுக்கு டாக்டர பாக்கச் சொன்னேன், போனாங்க, மருந்து குடுத்தாங்க, இப்போ கொஞ்சம் தூங்குறாங்க. டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவுன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு காது குடுக்காதீங்க, லூக்காவே வைத்தியர்தான். வீட்டுக்காரருக்கு இன்னும் நிலையான வேலை கிடைக்கல. பையனுக்கு ஒரு மாசம் நல்லா இருக்கு, ஒரு மாசம் சரியில்ல. எதுவும் முடிஞ்சுபோச்சுன்னு சாட்சி சொல்ற நிலையில இல்ல. ஆனா போன வாரம் ஜெபக்குழுவுல அக்கா ஜெபிச்சாங்க, "ஆண்டவரே, நீங்க எது வரைக்கும்னு சொல்லியிருக்கீங்களோ அது வரைக்கும்தான் இது வரும், அது வரைக்கும் என் பையன நீங்க பிடிச்சுக்கோங்க"ன்னு. அதுக்கு ஆமென் சொல்ல எனக்குக் குரல் வரல.

இப்படிப் பயந்துபோய் இருக்கிறவங்க நம்ம சபையிலயும் நிறைய பேர் இருக்காங்க, வெளிய சொல்றதில்ல. எலியா அப்படித்தான் இருந்தார், கர்மேல் மலையில அக்கினி இறங்கினதப் பாத்த ஆளு, யேசபேல் அனுப்பின ஒரு மிரட்டலுக்கு பயந்து ஓடி வனாந்தரத்துல ஒரு செடிக்குக் கீழ படுத்து நான் சாகணும்னு கேட்டார். தூதன் வந்து அவர விசாரிக்கல, எந்தக் கதவ திறந்து வச்சேன்னு கேக்கல. தட்டி எழுப்பி சாப்பிடுன்னு சொன்னான், தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் தலைமாட்டுல இருந்தது, சாப்பிட்டுட்டு திரும்பப் படுத்தப்போ படுக்க விட்டு, ரெண்டாவது தடவையும் எழுப்பி சாப்பிட வச்சான். கர்த்தர் அவர்கிட்ட இங்க உனக்கு என்ன வேலைன்னு பேசினது அதுக்கெல்லாம் அப்புறம், ஓரேப்ல. அதனால அடுத்த தடவ யாராவது உங்ககிட்ட வந்து பயமா இருக்குன்னு சொன்னா, உடனே அவங்க குடும்ப சரித்திரத்தக் கேக்காதீங்க. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேளுங்க, அப்புறம் பக்கத்துல உக்காந்து சங்கீதம் 91ஐ 16 வசனமும் விடாம அவங்களோட சேந்து வாசிங்க.